நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு யார் படிக்கிறார்கள்?

இணையத்தில் தமிழ்த் தொடர்கதை வெளியிடும் தளங்களை நடத்துகிறவர்களுக்கும், அவற்றில் போட்டி வைக்கிறவர்களுக்கும் வணக்கம்.

நான் இடுக்கி மாவட்டத்தில், வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் ரைட்டர். எழுத்தாளர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் மலையில் எஸ்டேட் கணக்கு எழுதுகிறவருக்குத்தான் அந்தப் பெயர். காலையில் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பேர் போடுவது, சாயங்காலம் ஆளுக்கு எத்தனை கிலோ பச்சைக்காய் என்று எடை எழுதுவது, சனிக்கிழமை கூலி எண்ணிக் கொடுப்பது. இதுதான் வேலை. ஒன்பது வருஷமாகக் கதையும் எழுதுகிறேன். முடித்த தொடர்கள் ஐந்து, பாதியில் நிற்பது ஒன்று. அந்த ஒன்றைப் பற்றியும் கீழே சொல்கிறேன், மறைக்க மாட்டேன். கதை எழுத ஆரம்பித்தபோது எனக்குப் புதுப் பட்டம் எதுவும் தேவைப்படவில்லை. 'ரைட்டரக்கா' என்று ஏற்கெனவே கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

உங்களிடம் கேட்க வந்தது ஒரு விஷயம்தான். தொடரின் அடுத்த எபியை, அதாவது எபிசோடை, எத்தனை நாளைக்கு ஒருமுறை போடுவது என்பதை எழுதுகிறவளிடம் விட்டுவிடுங்கள். எந்தக் கிழமை என்று அவள் சொல்லட்டும். சொன்ன கிழமையில் வருகிறதா என்று மட்டும் நீங்கள் பாருங்கள்.

இதை ஏன் இப்போது கேட்கிறேன் என்றால், போன வருஷம் ஜூலையில் ஒரு போட்டியில் இருந்தேன். தளத்தின் பேர் வேண்டாம். இன்றைக்குப் பல இடங்களில் விதி ஏறக்குறைய இப்படித்தான். 60 நாள், தினம் ஒரு எபி, குறைந்தது ஆயிரம் வார்த்தை, நள்ளிரவு 12 மணிக்குள் ஏற்றிவிட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் கதை போட்டியிலிருந்து விலக்கப்படும். நாற்பது நாள் ஒழுங்காக ஓடிவிட்டது. நாற்பத்தோராவது நாள் சாயங்காலம் அடித்த காற்றில் எங்கள் லைன் மேல் ஒரு மரம் சாய்ந்தது. கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் டவரும் போனது. எபி எழுதி முடித்துப் போனில் இருந்தது. போனில் ஒன்பது சதவீதம் சார்ஜ். காய் உலர்த்தும் ஸ்டோருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அங்கே ஏறி நின்றால் கீழே தமிழ்நாட்டுப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கிலிருக்கும் டவர் சில நேரம் கிடைக்கும். குடையும் டார்ச்சுமாக ஏறினேன். அட்டை இரண்டு கணுக்காலில் ஏறியதைக் கீழே வந்த பிறகுதான் பார்த்தேன். எபி ஏறியபோது மணி 12.20.

மறுநாள் கதை பட்டியலில் இல்லை. காரணம் எழுதிக் கேட்டேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று பதில் வந்தது. சரி, அது உண்மைதான். நானும் செக்ரோல் போடுகிறவள், விதியோடு சண்டை போட எனக்குத் தெரியாது. பரிசுக்காகவும் இதை எழுதவில்லை, அது போனது போனதுதான்.

ஆனால் அன்றைக்குக் காலையில் நடந்ததைக் கேளுங்கள். கம்பத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்குக் காய் எடுக்க வரும் பெண்கள் விடிகாலை ஐந்தரைக்கு ஜீப் ஏறுவார்கள். கம்பம்மெட்டு ரோட்டில் மலை ஏற ஆரம்பித்தால் ரேஞ்ச் போய்விடும் என்று கீழேயே எபியைத் திறந்து வைத்துக்கொள்வார்கள். படிக்கத் தெரிந்த ஒருத்தி உரக்கப் படிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். அன்றும் அப்படித்தான். நாற்பத்தோராவது எபியை ஜீப்பில் படித்து முடித்து, பேர் போடும்போது என்னிடம் வந்து வில்லனைத் திட்டிவிட்டுத்தான் கொழுந்துப் பக்கம், மன்னிக்கவும், காய்ப் பக்கம் போனார்கள் (தேயிலைக்காரர்களோடு பேசிப் பேசி வாய் இப்படிப் பழகிவிட்டது). எபி இருபது நிமிஷம் தாமதமாக வந்தது ஒருத்திக்கும் தெரியாது. நள்ளிரவு பன்னிரண்டு என்பது உங்கள் கம்ப்யூட்டரின் நேரம். என் வாசகிகளின் நாள் ஐந்தரைக்குத்தான் பிறக்கிறது.

அப்போதிருந்து இந்த இடைவெளி என்கிற விஷயத்தையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிக்க யோசிக்க என் அம்மா காலத்துக்குத்தான் போகிறது.

தொண்ணூறுகளில் எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், டிவி இல்லை. கோட்டயத்திலிருந்து வரும் மலையாள வாரப்பத்திரிகை உண்டு. ஒரு இதழில் ஏழெட்டுத் தொடர் ஓடும், காதலும் கண்ணீருமாக. அந்த மாதிரி எழுத்துக்குக் கேரளத்தில் பைங்கிளி என்று பெயர். முட்டத்து வர்க்கியின் நாவல் ஒன்றின் தலைப்பில் இருந்த கிளி அப்படியே பறந்து வந்து ஒரு வகைக்கே பெயராக உட்கார்ந்துவிட்டது. படித்தவர்கள் கேலியாகச் சொல்வார்கள். எங்கள் லயத்தில் அது கேலி இல்லை. சூப்பர்வைசர் வீட்டு சேச்சி படித்து முடித்ததும் இதழ் எங்களுக்கு வரும். என் அம்மாவுக்கோ மற்றவர்களுக்கோ மலையாளம் பேச வரும், படிக்க வராது. நான் தமிழ் மீடியம். பள்ளியில் மலையாளமும் ஒரு பாடம். அதனால் ஞாயிறு சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, மலையாளத்தைப் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டியது என் வேலை. எனக்குப் பத்து வயது.

ஒரு ஆடி மாசம், கோட்டயம் - குமுளி ரோட்டில் எங்கேயோ மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. பத்திரிகை வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டதே! பெண்கள் கூடிவிட்டார்கள், கட்டஞ்சாயா போட்டாகிவிட்டது. வரவில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. போன வார இதழையே விரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தேன். கதாநாயகனின் அம்மாவைச் சாகடித்தேன். இரண்டு பேர் அழுதார்கள். அந்த வாரம் முழுக்கக் காய் எடுக்கும்போது அதே பேச்சு. அடுத்த ஞாயிறு உண்மையான இதழ் வந்தது. அதில் அந்த அம்மா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்! போன வாரம் நடந்தது அவனுடைய கனவு என்று சொல்லிச் சமாளித்தேன். ஒரு பாட்டி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோரும் எழுந்து போன பிறகு, "போன வாரத்துது ஒன்னோடதா?" என்று கேட்டது. தலையை ஆட்டினேன். "அதுதான் நல்லாருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

நான் எழுத வந்த கதை இதுதான். பத்திரிகை வராத ஒரு வாரம் இல்லாமல் போயிருந்தால் நான் வெறும் செக்ரோல் ரைட்டராகவே இருந்திருப்பேன்.

அந்தக் காலத்து இடைவெளியை யாரும் கலைக்காகத் திட்டம் போட்டு வைக்கவில்லை. அச்சகம், தபால், பஸ், காகிதம் இவை போட்ட இடைவெளி அது. ராஜமய்யர் 1893ல் 'விவேக சிந்தாமணி'யில் தன் நாவலை எழுத ஆரம்பித்தபோது அது மாதப் பத்திரிகை, அதனால் மாதம் ஒருமுறை. கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' எழுதியபோது வாரம் ஒருமுறை. மூன்றரை வருஷம் வாரா வாரம் காத்திருந்த வீடுகளில்தான் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்தார்கள். இன்றைக்கும் எத்தனையோ வீட்டுப் பரணில் அது கிடக்கிறது. மாதமோ வாரமோ, இடைவெளி யார் போட்டதாக இருந்தாலும் எழுதுகிறவருக்கு அது முன்கூட்டியே தெரியும். அதற்கேற்ப அவர் கதையை அளந்துகொண்டார்.

இங்கிலாந்தில் டிக்கன்ஸ் மாதம் ஒரு பகுதியாகத் தன் முதல் நாவலை வெளியிட்டுக்கொண்டிருந்தபோது, 1837 மே மாதம் அவருடைய மனைவியின் தங்கை மேரி இறந்துபோனாள். பதினேழு வயது. டிக்கன்ஸால் எழுத முடியவில்லை. அடுத்து வர வேண்டிய பகுதி வரவில்லை. அப்புறம் எழுதினார், வாசகர்களும் அங்கேயேதான் இருந்தார்கள். உங்கள் விதிப்படி பார்த்தால் அவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டவர்.

இப்போது அச்சகமும் இல்லை, தபாலும் இல்லை. எழுதிய நிமிஷமே ஏற்றலாம். அப்படியானால் இடைவெளி எவ்வளவு என்பதற்கு இயற்கையான காரணமே இல்லாமல் போய்விட்டது. அந்த இடத்தை உங்கள் பட்டியல் எடுத்துக்கொண்டது. புது எபி ஏற்றினால் கதை 'புதியவை'யில் மேலே வரும், வாசகியின் போனில் மணி அடிக்கும், அவள் உள்ளே வருவாள், நாலு விளம்பரம் பார்ப்பாள் அல்லது பூட்டிய எபிக்குக் காசு கட்டுவாள். தினம் ஏற்றுகிறவள் தினம் மேலே. வாரம் இரண்டு ஏற்றுகிறவள் மூன்றாம் நாள் கண்ணுக்குத் தெரிய மாட்டாள். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, கடை நடத்துகிறவர்கள் கல்லாவைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இது வாசகியின் ஆசை என்று எங்களிடம் சொல்லாதீர்கள். 'காத்திருந்தால் நாளைக்கு இலவசம், இப்போதே வேண்டுமென்றால் காசு' என்ற ஏற்பாடு கொரியாவில் 2014ல் வந்து, இன்று நம்மூர் வரை பரவிவிட்டது. வாசகி காத்திருப்பாள் என்று உங்களுக்கே தெரிந்ததால்தானே அந்தப் பூட்டு?

தினசரி எபிக்கு எதிராக ஒரேயடியாகப் பேசவும் எனக்கு விருப்பமில்லை. சீனாவில் 2002ல் தொடங்கிய சீதியன் போன்ற தளங்களில் தினம் ஆயிரக்கணக்கான எழுத்து எழுதுகிறவர்கள் ஏராளம். ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் காசு. ஒரு மாதம் ஒரு நாள்கூடத் தவறாமல் எழுதினால் முழு வருகைக்கென்று தனி போனஸும் உண்டாம்! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கோ சீனாவிலும் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்து செக்ரோல் போடுகிறாள் போலிருக்கிறது. அங்கே அது தொழில். முழுநேரமும் அதையே செய்து அதில் சாப்பிடுகிறார்கள். இங்கே எழுதுகிற பெண்களை எனக்குத் தெரியும். சமையல் முடித்து, பிள்ளைக்கு ஹோம்வொர்க் சொல்லிக்கொடுத்து, மாமியாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, பத்தரை மணிக்குப் போனை எடுத்து ஒரு விரலால் டைப் பண்ணுகிறவர்கள். தொழிலுக்குரிய விதியைக் கொண்டுவருகிறீர்கள், சம்பளத்தை மட்டும் கொண்டுவரவில்லை.

அந்த ஒரு விரல் எபிகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதல் இருநூறு வார்த்தை நேற்று நடந்தது. கடைசி நூறு வார்த்தை நாளைக்கு நடக்கப்போவதைப் பற்றிய திகில். நடுவில் அவன் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள், இருவர் மனதிலும் ஓடியது தனித்தனியாக ஒவ்வொரு பத்தி. கதவு தட்டப்படும். யார் என்று தெரிய மூன்று எபி ஆகும், கடைசியில் பால்காரராக இருப்பார். கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள், அந்தப் பால்காரரை எழுதியவளே நான்தான்.

அது 2020ல். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்று வழியும் அடைபட்டபோது, எங்கள் ஜீப் பெண்கள் எல்லோரும் கம்பத்தில் வீட்டுக்குள் இருந்தார்கள். வேலை இல்லை, கூலி இல்லை. "ரைட்டரக்கா, தெனமும் போடுங்க, வேற என்னத்தப் பண்றது" என்றார்கள். எனக்கும் தோட்டத்தில் வேலை குறைவு. தினம் போட்டேன், 54 எபி. அந்த நாளில் அது சரிதான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் கேட்டார்கள், என்னால் முடிந்தது. எல்லை திறந்து வேலை தொடங்கியதும் என்னால் முடியவில்லை. நாளைக்கு என்று எழுதினேன். மறுநாளும் நாளைக்கு என்றேன். இரண்டு வாரம் இப்படி. அப்புறம் கூச்சமாகிவிட்டது, உள்ளே போய் கமெண்ட் பார்க்கவே பயம். அந்தக் கதை இன்றும் 54லேயே நிற்கிறது. கதாநாயகி ஆஸ்பத்திரி வராந்தாவில் ஐந்து வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறாள். பாதியில் விட்டுப்போகிற எழுத்தாளர்கள் மேல் வாசகர்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானது. 'முடிச்ச கதைன்னா மட்டும் லிங்க் குடுங்க' என்று அவர்கள் சொல்வதும் எங்களைப் போன்றவர்களால்தான். ஆனால் நான் வாரம் இரண்டு என்று ஆரம்பித்திருந்தால் அந்தக் கதை முடிந்திருக்கும். அதைத் தினசரிப் பழக்கம்தான் நிறுத்தியது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் 2018 ஆகஸ்ட் இருக்கிறது. இடுக்கி அணையின் ஷட்டரை 26 வருஷத்துக்குப் பிறகு திறந்த மழை. பதினாறு நாள் என்னால் ஒரு வரி ஏற்ற முடியவில்லை. எழுதவும் இல்லை, ஸ்டோரில் ஈரக்காயை எப்படிக் காப்பாற்றுவது என்பதே பெரிய பாடாக இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் கீழே எழுதியிருந்த ஒருவரும் யூடி, அதாவது அடுத்த அப்டேட், கேட்கவில்லை. நல்லா இருக்கீங்களா, வீடு பத்திரமா என்று கேட்டிருந்தார்கள். அந்தத் தொடருக்கு நான் செவ்வாய், வெள்ளி என்று ஆரம்பத்திலேயே சொல்லி, ஆறு மாசம் தவறாமல் போட்டிருந்தேன். வராத செவ்வாய் என்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்தது.

எங்கள் பயிரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏலச்செடியின் அடியிலிருந்து சரம் கிளம்பித் தரையை ஒட்டி நீளும். ஒரே சரத்தில் அடியில் இருக்கிற காய் முற்றியிருக்கும், நடுவில் பிஞ்சு, நுனியில் இன்னும் பூ. அதனால் நெல் மாதிரி ஒரே நாளில் அறுத்துப்போட முடியாது. 40, 45 நாளைக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வந்து, குனிந்து, சரத்தை விலக்கி, பதமானதை மட்டும் எடுக்க வேண்டும். பிஞ்சையும் சேர்த்து உருவினால் அன்றைக்குச் சாயங்கால எடையில் தெரியாது, கிலோ கூடத்தான் காட்டும். ஒரு ராத்திரி ஸ்டோர்ச் சூட்டில் கிடந்து வெளியே வரும்போதுதான் குட்டு வெளிப்படும். ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ கிடைக்க வேண்டிய இடத்தில் கிடைக்காது, கிடைப்பதும் சுருங்கிக் கிடக்கும். புற்றடியில் ஏலத்தை ஏலம் விடுகிற இடத்தில் (ஆமாம், அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது) வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்த்து விலையை இறக்கிவிடுவார்.

என் தொடர்களிலும் ஒரு எபி மாதிரி இன்னொன்று முற்றுவதில்லை. சண்டைக் காட்சி என்றால் ஒரே ராத்திரியில் வந்துவிடும், சண்டை போட யாருக்குத்தான் வராது. ஒரு பெண் பதினாலு வருஷம் கழித்துக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் தன் அப்பாவைப் பார்க்கிற காட்சி எனக்குப் பதினோரு நாள் எடுத்தது. அவர் அவளிடம் முதலில் என்ன கேட்பார் என்று தெரியவில்லை. மன்னிப்பா, பணமா, அம்மா எப்படி இருக்கிறாள் என்றா? கடைசியில் அவர் கேட்டது, "சாப்பிட்டியா?" அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குப் பதினோரு நாள். தினசரி விதியில் இருந்திருந்தால் அவர் முதல் நாளே அழுது மன்னிப்புக் கேட்டிருப்பார்.

அந்தப் பதினோரு நாளும் செவ்வாய், வெள்ளி எபிகள் தவறவில்லை. எப்படி என்றால் கையிருப்பு. பதினைந்து எபி எழுதி வைத்துக்கொண்டுதான் இப்போது எந்தத் தொடரையும் ஆரம்பிக்கிறேன். ஏழு வாரத்துக்கு வரும். காய்ச்சல், கல்யாணவீடு, பிள்ளையின் பரீட்சை எல்லாம் அதில் அடங்கும். ஐந்துக்குக் கீழே இறங்கினால் மணி அடித்த மாதிரி உட்கார்ந்துவிடுவேன். புதிதாக எழுத வருகிற பெண்கள் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்கிறேன், கிழமையை அப்புறம் யோசி, முதலில் சேர்த்து வை என்று. தினசரி விதியில் கையிருப்பு என்பதே நடக்காத காரியம். பதினைந்து எபி பதினைந்தாம் நாள் காலி.

ஆனால் முழுக்கதையையும் எழுதி வைத்துவிட்டுத் தினம் ஒன்றாக ஏற்றுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. உங்களில் சிலர் அதைத்தான் சிபாரிசு செய்கிறீர்கள். நல்ல வழிதான், பாதியில் நிற்கிற பயம் இல்லை. ஆனால் தொடர் என்று எதற்காக எழுதுகிறோம்? போன தொடரில் ஒரு இடத்தில், புருஷன் விட்டுப்போன பெண் மாமனாரின் காலில் விழுவதாக வெள்ளிக்கிழமை எபியை எழுதி வைத்திருந்தேன். புதன்கிழமை எடை போடும்போது ஜீப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி, "அவ போயி கெழவன் கால்லதான் விழுவா பாரேன்" என்றாள். இன்னொருத்தி சாக்கை முடிந்துகொண்டே, "அவ எதுக்குடி விழணும்? கூலிக்குப் போறவதான, ரெண்டு கை இருக்குல்ல" என்றாள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னக்கா, என் எடைய எழுதலயா?" என்றாள். அன்று ராத்திரி வெள்ளிக்கிழமை எபியை முழுக்க மாற்றினேன். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில் ஒரு புதன் இருந்ததால் அது நடந்தது. தினமும் ஒன்று ஏற்றிக்கொண்டிருந்தால் அவர்கள் அதைப் பேசி முடிக்கும் முன்பே அவள் காலில் விழுந்திருப்பாள்.

வாரத்துக்கு இரண்டு என்பது எல்லோருக்கும் சரி என்றும் சொல்லவில்லை. ஜான் மெக்ரே என்ற கனடாக்காரர் 2011லிருந்து 2013 வரை வாரம் இரண்டு என்று ஏற்றியே பதினாறு லட்சம் வார்த்தைக்கு மேல் ஒரு கதையை முடித்திருக்கிறார், அது அவர் உடம்பு. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா கட்டப்பனையில் தையல்கடை வைத்துக்கொண்டு தினம் எழுதுகிறார், நன்றாகவும் எழுதுகிறார். திங்கள்கிழமை மட்டும் என்று நீளமாக எழுதுகிற ஒருவரும் உண்டு. வாசகர்களிலும் அப்படித்தான். சிலர் சுடச்சுடக் கேட்பார்கள், சிலர் ஒரு வாரத்தை ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைப்பார்கள். இருபத்தெட்டு நாள் ரீசார்ஜ் முடிகிற நேரத்தில் என் ஜீப் வாசகிகளில் பாதிப் பேர் நாலு நாள் காணாமலே போவார்கள், அப்புறம் வந்து மொத்தமாகப் படிப்பார்கள். இவர்களையெல்லாம் ஒரே விதியில் எப்படிக் கட்டுவீர்கள்?

அதனால் நான் கேட்பது இதுதான். கதை தொடங்கும்போது எழுதுகிறவர் தன் நாட்களைச் சொல்ல ஓர் இடம் வையுங்கள். அது தலைப்புக்குக் கீழேயே வாசகருக்குத் தெரியட்டும். பட்டியலில் மேலே வைப்பதற்கு எத்தனை எபி என்று எண்ணாமல், சொன்ன நாளில் வந்ததா என்று எண்ணுங்கள். வாரம் ஒன்று சொல்லி வாரம் ஒன்று போடுகிறவரும், தினம் சொல்லித் தினம் போடுகிறவரும் ஒரே வரிசையில் நிற்கட்டும். முன்கூட்டிச் சொல்லி விடுப்பு எடுக்க வழி இருக்கட்டும். அதைக் கதையின் பக்கத்திலேயே எழுதிவிட்டால் வாசகருக்கும் புரியும். எங்கள் எஸ்டேட்டிலேயே கேஷுவல் லீவ் உண்டு. போட்டி என்றால் 60 நாளில் இருபது எபி, கதை முடிந்திருக்க வேண்டும் என்று வையுங்கள். எந்தெந்த நாள் என்பதை அவரவர் வசதிக்கு விடுங்கள். ஆயிரம் வார்த்தைக் கணக்கை எடுத்துவிடுங்கள், எழுநூறில் முடிகிற எபியை ஆயிரமாக்கத்தான் பால்காரர் வருகிறார். கெடு வேண்டுமென்றால் அதை நள்ளிரவிலிருந்து காலை ஐந்து மணிக்குத் தள்ளிவையுங்கள், ராத்திரி கரண்ட் போகிற ஊர்கள் எங்களுடையது மட்டுமல்ல. அதேபோல, சொல்லாமல் மூன்று தடவை ஏமாற்றினால் கீழே இறக்குங்கள், என்னை உள்பட. அதில் தயவு காட்ட வேண்டாம். வாசகர் காத்திருக்கிறார், அவருக்கு ஒரு பதில் வேண்டும்.

கல்லா குறையுமே என்பீர்கள். குறையலாம், எனக்கு உங்கள் கணக்குத் தெரியாது. ஆறு மாதம் ஒரு பகுதியில் மட்டும் வைத்துப் பாருங்கள். எத்தனை கதைகள் முடிந்தன, எத்தனை பாதியில் நின்றன என்று இரண்டு பக்கத்தையும் எண்ணுங்கள். எண்ணுவதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், செக்ரோல் போட்டுப் பழகிய கை.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாக் கதையையும் எடுத்திருக்கிறேன். பதினோரு எபி சேர்ந்துவிட்டது, பதினைந்து ஆனதும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக வரும். பழைய வாசகிகள் யாராவது உங்கள் பக்கம் இன்னும் இருந்தால் சொல்லுங்கள். இப்போது ஓடுகிற தொடரில் வெள்ளிக்கிழமை எபி வேறு பாக்கி. கதாநாயகி மலையடியில் இருக்கிற லோயர் கேம்ப்பில் பஸ்ஸை விட்டு இறங்குவாளா, அப்படியே மலை ஏறிவிடுவாளா என்று எனக்கே தெரியவில்லை. இன்று புதன். சாக்கெல்லாம் தராசுக்கு வந்துவிட்டது, என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

இப்படிக்கு,
வண்டன்மேட்டுப் பக்கத்து ரைட்டர் ஒருத்தி